கம்பெனி எல்லை தாண்டினால் வருமான வரி எங்கே போகிறது?

கணக்குப்பிள்ளை | 1 டிசம்பர் 2025

என் கட்சி இதுதான். உலகமயம் வந்தபிறகு வருமான வரி என்பது ஓட முடியாதவன் தலையில் மட்டும் விழுகிற வரி ஆகிவிட்டது. பல நாடுகளில் கம்பெனி வைத்திருக்கும் பெரிய குழுமங்கள் லாபத்தை, வரியே இல்லாத அல்லது மிகக் குறைந்த வரிச் சொர்க்கத்துக்குத் தள்ளின. பயந்துபோன நாடுகள் விகிதத்தைக் குறைத்தன, வசூலும் விழுந்தது. இப்போது அந்தக் குழுமங்களுக்கு உலக அளவில் 15% குறைந்தபட்ச வரி வந்துவிட்டதால் அந்த அத்தியாயம் முடிந்தது. மறுப்பவர்கள் எண்ணோடு வரவும்.

மூலவரி | 1 டிசம்பர் 2025

நான்கு விஷயம் சொன்னீர்கள். விகிதம் குறைந்தது சரி, வசூல் விழுந்தது தவறு, அத்தியாயம் முடிந்தது இன்னும் பெரிய தவறு. ஓட முடியாதவன் விஷயம் பாதி சரி, அதற்குப் பிறகு வருகிறேன்.

விகிதம்: பிரிட்டனில் கம்பெனி வரி 1980ல் 52%. 2017ல் 19% வரை இறங்கி, 2023 ஏப்ரலில் 25%க்கு ஏறியது. அமெரிக்கா 2018ல் 35லிருந்து 21. அயர்லாந்து 2003லிருந்து 12.5. ஹங்கேரி 2017லிருந்து 9.

வசூல்: பணக்கார நாடுகளின் சராசரியை எடுத்தால், ஜிடிபியில் (மொத்த உள்நாட்டு உற்பத்தியில்) கம்பெனி வரியின் பங்கு விகிதத்தோடு சேர்ந்து இறங்கவில்லை. காரணம் மூன்று. ஒன்று, விகிதத்தைக் குறைத்த கையோடு, லாபத்திலிருந்து செலவைக் கழித்துக்கொள்ளும் சலுகைகளையும் வெட்டினார்கள். பிரிட்டன் 1984ல் 52லிருந்து 35க்கு இறங்கத் தொடங்கியபோது, இயந்திரம் வாங்கிய முதல் ஆண்டிலேயே முழு விலையையும் கழிக்கலாம் என்ற சலுகையும் படிப்படியாகப் போனது. இரண்டு, தேசிய வருமானத்தில் லாபத்தின் பங்கு பல நாடுகளில் கூடியது. மூன்று, பலர் கவனிக்காதது: தனிநபரின் உச்ச விகிதம் 45, கம்பெனி விகிதம் 20 என்று இருந்தால், தனியாகத் தொழில் செய்தவர் கம்பெனி பதிவு செய்துகொள்வார். அவர் கட்டுவது கம்பெனி வரிப் பத்தியில் ஏறும், தனிநபர் பத்தியில் இறங்கும். ஆக, கம்பெனி வரி வசூல் என்று காட்டப்படும் தொகையில் ஒரு பகுதி வேஷம் மாறிய தனிநபர் வரிதான்.

சராசரிக்குள் ஒளிந்திருக்கும் நாடுகள் வேறு கதை. வருமானம் குறைந்த நாடுகளின் மொத்த வரியில் கம்பெனி வரியின் பங்கு பணக்கார நாடுகளைவிடப் பெரியது. அடி அங்கேதான் பலமாக விழும்.

இழுபறி | 1 டிசம்பர் 2025

அப்போ யார் தலையில்தான் விழுகிறது? பதிலைச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குப் போங்கள்.

மூலவரி | 2 டிசம்பர் 2025

லாபம் எப்படி நகர்கிறது என்று ஒரு கணக்கு போடாமல் அந்தக் கேள்விக்குப் போக முடியாது. எல்லாம் 100க்குக் கணக்கு.

அ என்ற நாட்டில் குழுமத்தின் கம்பெனி ஒன்று. ராயல்டி (சின்னம், காப்புரிமை ஆகியவற்றைப் பயன்படுத்தும் கட்டணம்) கட்டுவதற்கு முன் லாபம் 100, வரி 30%. எதுவும் செய்யாவிட்டால் 30 கட்ட வேண்டும். இ என்ற நாட்டில் அதே குழுமத்தின் இன்னொரு கம்பெனி, அங்கே வரி 5%. வணிகச் சின்னமும் காப்புரிமையும் அதன் பெயரில். அ கம்பெனி அதற்கு 40 ராயல்டி அனுப்புகிறது.

அ நாட்டில் மிஞ்சிய லாபம் 60, வரி 18. ராயல்டி வெளியே போகும்போது மூலத்தில் 10% பிடித்தம், அது 4. இ நாட்டில் 40க்கு 5%, அதாவது 2. ஆனால் ஏற்கெனவே பிடித்த 4ஐ அங்கே வரவு வைப்பதால் கட்ட வேண்டியது 0. மொத்தம் 22. மிச்சம் 8. ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரி விழாமல் தடுக்கும் வரி ஒப்பந்தம் அ நாட்டுக்கும் இ நாட்டுக்கும் இருந்து, ராயல்டிக்குப் பிடித்தமே இல்லை என்றால் 18ம் 2ம் சேர்த்து 20. ஒப்பந்தமே இல்லாமல் 25% பிடித்தால் 18ம் 10ம் சேர்த்து 28. அப்போது இந்த வேலையைச் செய்ய வக்கீல் கட்டணம்கூடத் தேறாது.

ஆகவே அ நாட்டின் 30% விகிதத்தைவிட, அது எந்தெந்த நாட்டோடு என்ன ஒப்பந்தம் போட்டது என்பதே தொகையை முடிவு செய்கிறது. பட்ஜெட் அன்று எல்லோரும் விகிதத்தைப் பார்க்கிறார்கள். ராயல்டி பற்றிய ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவை ஒருவரும் பார்ப்பதில்லை.

கணக்குப்பிள்ளை | 2 டிசம்பர் 2025

அப்படியானால் எல்லா ராயல்டிக்கும் எல்லா நாடும் 25% பிடித்துவிட்டால் விஷயம் முடிந்ததே. எதற்கு இத்தனை மாநாடு?

மூலவரி | 2 டிசம்பர் 2025

பிடித்தம் மொத்தத் தொகை மேல், வருமான வரி நிகர லாபம் மேல். குழுமத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மென்பொருள் நிறுவனம் 40 வாங்குகிறது, அதற்கு ஆன செலவு 36, லாபம் 4. 10% பிடித்தாலே 4 போய்விட்டது, லாபம் முழுக்க வரி. 25% பிடித்தால் 10 போகும், நஷ்டம் 6.

அந்த நிறுவனம் சும்மா இருக்காது. வரி போக எனக்கு இவ்வளவு கையில் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதும். நிகரமாக 100 வேண்டும், பிடித்தம் 10% என்றால் மொத்தப் பில் 111.11. பிடித்தம் 25% என்றால் 133.33. வெளிநாட்டுக்காரன் மேல் போட்ட வரியை உள்ளூர் வாங்குபவர் கட்டுகிறார். இழுபறி கேட்ட கேள்விக்கு இது முதல் பாதிப் பதில்: சட்டப்படி யார் மேல் விழுகிறது என்பதும் கடைசியில் யார் பையிலிருந்து போகிறது என்பதும் ஒன்றல்ல.

எல்லைக்கோடு | 3 டிசம்பர் 2025

மூலவரியின் கணக்கில் 40 என்ற எண் வானத்திலிருந்து விழுந்தது போல இருக்கிறது. நடைமுறையில் சண்டை முழுக்க அந்த 40 ஏன் 40 என்பதில்தான்.

சம்பந்தமில்லாத இருவர் பேரம் பேசியிருந்தால் என்ன விலைக்கு ஒத்துக்கொண்டிருப்பார்களோ அதுதான் விலை. வரி ஒப்பந்தங்களின் 9ஆம் பிரிவு, பெரும்பாலும் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் 1995 வழிகாட்டி, அதன் 2022 பதிப்பு எல்லாம் இதையே அடித்தளமாக வைக்கின்றன. விலையைக் கண்டுபிடிக்க ஐந்து முறை: ஒப்பான சந்தை விலை, மறுவிற்பனை விலையிலிருந்து பின்னோக்கிக் கழிப்பது, அடக்கவிலை மேல் லாபம் சேர்ப்பது, நிகர லாப வீதத்தை ஒப்பிடுவது, லாபத்தைப் பங்கு பிரிப்பது. உலோகம், கச்சா எண்ணெய் மாதிரி சரக்குக்கு முதல் முறை போதும். வணிகச் சின்னத்துக்கு ஒப்பான சந்தை விலை எங்கே கிடைக்கும்? அந்தச் சின்னம் உலகத்தில் ஒன்றுதானே இருக்கிறது.

வரித்துறை விசாரிக்கும் கோப்புகளில் திரும்பத் திரும்ப உடைகிற இடங்கள்:

காகிதத்தில் உரிமை இ நாட்டில், முடிவு எடுப்பவர்கள் அ நாட்டில். 2015க்குப் பிறகு, காப்புரிமையை உருவாக்கியது யார், மேம்படுத்தியது யார், பராமரித்தது யார், பாதுகாத்தது யார், பயன்படுத்தியது யார் என்று ஐந்து கேள்வி கேட்பார்கள். இ நாட்டில் இரண்டு இயக்குநரும் ஒரு தபால் முகவரியும்தான் என்றால், 40 வைத்துக்கொள்ள அதற்கு யோக்கியதை இல்லை. பணத்தை மட்டும் கொடுத்திருந்தால் பணத்துக்கு உரிய வட்டி அளவு வருமானம்தான் அதற்கு.

குழும ஒப்பந்தத்தை ஆண்டு முடிந்தபின் உட்கார்ந்து எழுதி முன்தேதி போடுவது. மின்னஞ்சலைத் தேடினால் எந்தத் தேதியில் வரைவு போனது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு கோப்பில் உள்ள நல்ல வாதம்கூட நம்பிக்கை இழக்கும்.

ஆண்டுக் கடைசியில் லாப வீதம் தப்பாகிவிட்டது என்று இறக்குமதி விலையைத் திருத்துவது. விலையைக் கூட்டினால் வருமான வரி குறையும், சுங்க வரி ஏறும். குறைத்தால் தலைகீழ். வருமான வரிக்கு ஒரு விலை, சுங்கத்துக்கு இன்னொரு விலை என்று இரண்டு துறையிலும் இரண்டு கதை சொன்னவர்கள், இரண்டு துறையும் பேசிக்கொள்ளாது என்று நம்பியவர்கள்.

வட்டியும் ராயல்டியின் தம்பிதான். வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 100, குழுமத்துக்குள் கட்டிய வட்டி 50. பல நாடுகளில் 30% வரைதான் கழிக்கலாம். 30 கழியும், 20 அடுத்த ஆண்டுகளுக்கு நகரும். ஓஇசிடி 10லிருந்து 30க்குள் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றது, பெரும்பாலானோர் தாராளமான முனையையே எடுத்தார்கள்.

இழுபறி | 3 டிசம்பர் 2025

ஐந்து முறை, ஐந்து கேள்வி, ஐந்து லட்சம் பக்கம். ஆலோசகர்களுக்கு உலகமயம் நல்லது என்று மட்டும் விளங்கிவிட்டது.

கணக்குப்பிள்ளை | 4 டிசம்பர் 2025

விகிதத்தைக் குறைத்த அயர்லாந்தும் கடைசியில் ஏமாந்துதானே போயிருக்கும்? 12.5% போட்டு என்ன கண்டது?

மூலவரி | 4 டிசம்பர் 2025

ஏமாறவில்லை, வாரிக்கொண்டது. சிறிய நாட்டுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் லாபம். தன்னிடம் ஏற்கெனவே இருந்த சின்ன வரித்தளத்தில் இழப்பது கொஞ்சம், வெளியிலிருந்து வந்து சேர்வது மலை. பெரிய நாட்டுக்கு இது நேர்மாறு. அதனால்தான் விகிதப் போட்டியில் சின்ன நாட்டுக்கு ஆசை அதிகம்.

2015ல் அயர்லாந்தின் ஜிடிபி ஒரே ஆண்டில் 26% வளர்ந்ததாகக் கணக்கு வந்தது. ராத்திரியோடு ராத்திரியாகத் தொழிற்சாலை முளைக்கவில்லை. பன்னாட்டுக் குழுமங்கள் அறிவுச் சொத்துகளை அங்கே ஏட்டில் மாற்றின, அவ்வளவுதான். தன் எண்ணைத் தானே நம்ப முடியாமல், இந்த வீக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கத் திருத்திய தேசிய வருமானம் என்று தனி அளவுகோலே அந்த நாடு வைத்துக்கொண்டது.

ஆப்பிள் வழக்கும் அங்கேதான். 2016 ஆகஸ்டில் ஐரோப்பிய ஆணையம் ஆப்பிளிடமிருந்து 1,300 கோடி யூரோ வசூலிக்க அயர்லாந்துக்குச் சொன்னது. 2014ல் ஆப்பிளின் ஒரு துணை நிறுவனம் கட்டியது லாபத்தில் 0.005% என்றது ஆணையம். 2020ல் கீழ் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2024 செப்டம்பர் 10 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இதில் வேடிக்கை, பணம் வரவேண்டிய அயர்லாந்து அரசு எட்டு ஆண்டும் வேண்டவே வேண்டாம் என்று வழக்காடியது. அந்த 1,300 கோடியைவிட, இங்கே வந்தால் தொந்தரவு இல்லை என்ற பேருக்கு அது அதிக விலை வைத்திருந்தது.

மூலவரி | 5 டிசம்பர் 2025

இப்போது 15%க்கு வருகிறேன். முதல் பதிவில் முடிந்த அத்தியாயம் என்றாரே, அது.

பில்லர் டூ என்று சொல்லப்படும் விதி. 2021 அக்டோபரில் 136 நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆண்டு விற்றுமுதல் 75 கோடி யூரோவும் அதற்கு மேலும் உள்ள குழுமங்களுக்கு மட்டும். கணக்கு நாடு வாரியாக. ஒரு நாட்டில் குழுமம் கட்டிய வரியை அங்குள்ள லாபத்தால் வகுத்தால் 15%க்குக் கீழே வந்தால், குறையைக் கூடுதல் வரியாகக் கட்ட வேண்டும்.

எங்கே சறுக்குகிறார்கள் என்றால், கூடுதல் வரி முழு லாபத்தின் மேல் இல்லை. அந்த நாட்டில் சம்பளமும் கட்டடம், இயந்திரம் போன்ற கண்ணால் காணும் சொத்தும் இருந்தால் அதற்கு ஒரு கழிவு உண்டு. 2023ல் சம்பளத்தில் 10%, சொத்தில் 8% என்று தொடங்கி, பத்து ஆண்டில் இரண்டும் 5%க்கு இறங்கும். 2025க்கு 9.6%, 7.6%.

முதல் கம்பெனி: லாபம் 100, கட்டிய வரி 5, சம்பளம் 40, சொத்து 50. கழிவு 3.84ம் 3.80ம், மொத்தம் 7.64. மிஞ்சியது 92.36. குறை விகிதம் 10%. கூடுதல் வரி 9.24. மொத்தம் 14.24. கிட்டத்தட்ட 15.

இரண்டாவது கம்பெனி, நிஜத் தொழிற்சாலை: லாபமும் வரியும் அதேதான், சம்பளம் 400, சொத்து 600. கழிவு 38.4ம் 45.6ம், மொத்தம் 84. மிஞ்சியது 16. கூடுதல் வரி 1.6. மொத்தம் 6.6.

ஆக, வெறும் காகிதக் கம்பெனியைத்தான் இந்த விதி அடிக்கிறது. ஆட்களோடும் இயந்திரங்களோடும் வந்தால் 6.6%க்கே இருக்கலாம். இது ஓட்டை இல்லை, யோசித்து வைத்த வாசல். வரிப் போட்டி முடியவில்லை, லாபத்துக்கான போட்டி முதலீட்டுக்கான போட்டியாக உருமாறியது. எனக்கு இது முன்னேற்றமாகத்தான் படுகிறது, ஆனால் முடிவு என்று சொல்ல வாய் வரவில்லை.

எல்லைக்கோடு | 5 டிசம்பர் 2025

இதை 2ஆம் தேதி போட்ட ராயல்டி கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். இ நாட்டுக் கம்பெனிக்கு லாபம் 40, ஆளும் இல்லை சொத்தும் இல்லை. அ நாடு பிடித்த 4ம் அந்த வருமானத்தின் மேல் கட்டிய வரியாகவே எண்ணப்படும். 40க்கு 4, அதாவது 10%. குறை 5%, கூடுதல் வரி 2. மொத்தம் 18, 4, 2 சேர்த்து 24.

முன்பு மிச்சம் 8, இப்போது 6. லாபத்தை நகர்த்துவது இன்னும் லாபம்தான்.

அந்தக் கூடுதல் 2 யாருக்கு? முதல் உரிமை இ நாட்டுக்கே. உள்நாட்டுக் கூடுதல் வரிச் சட்டம் ஒன்றை அது போட்டுவிட்டால் பணம் அங்கேயே தங்கும். அது போடாவிட்டால் தாய் நிறுவனத்தின் நாடு எடுக்கும். அதுவும் எடுக்காவிட்டால்தான் மற்ற நாடுகளுக்குப் பங்கு. லாபம் உண்மையில் விளைந்த அ நாடு வரிசையின் கடைசியில் நிற்கிறது. குறைந்தபட்ச வரி எவ்வளவு என்பதற்கு விடை சொல்கிறது, எங்கே என்ற கேள்வியைத் தொடவே இல்லை.

கணக்குப்பிள்ளை | 5 டிசம்பர் 2025

வரியை 15 ஆக்கிவிட்டு, வாங்கியதை மானியமாகத் திருப்பிக் கொடுத்தால்?

எல்லைக்கோடு | 6 டிசம்பர் 2025

அதுவும் விதிக்குள்ளேயே இருக்கிறது. ஆராய்ச்சி செய்தால் 10 திருப்பித் தருவோம் என்று ஒரு நாடு சொல்கிறது என்று வையுங்கள். லாபம் 100, வரி 15.

அந்த 10ஐ வரியில் குறைத்துக்கொள்ள மட்டும் முடியும் என்றால், வரி 5, விகிதம் 5%, கூடுதல் வரி பாயும். அதே 10ஐ, வரி இல்லாவிட்டாலும் நான்கு ஆண்டுக்குள் ரொக்கமாகத் தருவோம் என்று சட்டத்தில் எழுதினால், அது வரிக் குறைப்பு இல்லை, வருமானம். 15ஐ 110ஆல் வகுத்தால் 13.6%. கூடுதல் வரி 1.4 புள்ளி மட்டும். கையில் கிடைப்பது இரண்டிலும் அதே 10. சட்ட வாசகத்தில் ஒரு வாக்கியம் மாறியது, அவ்வளவுதான். 2024லிருந்து பெரிய குழுமங்களுக்கு 15% வசூலிக்கும் அயர்லாந்தும் தன் ஆராய்ச்சிச் சலுகையை இந்த அச்சில்தான் வார்த்து வைத்திருக்கிறது.

மூலவரி | 6 டிசம்பர் 2025

எங்கே என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது, அதே 2021 உடன்பாட்டின் இன்னொரு பாதியான பில்லர் ஒன். விற்றுமுதல் 2,000 கோடி யூரோவுக்கு மேல், லாப வீதம் 10%க்கு மேல் உள்ள குழுமங்களின் அந்த 10%ஐத் தாண்டிய லாபத்தில் கால் பங்கை, வாடிக்கையாளர் இருக்கும் நாடுகளுக்குப் பிரித்துத் தருவது. அங்கே அலுவலகம் இல்லாவிட்டாலும். 1920களில் எழுதிய விதிகள் ஒரு நாட்டில் நிலையான இடம் இருந்தால்தான் வியாபார லாபத்துக்கு வரி என்றன. இணையத்தில் விற்பவனுக்கு இடம் எதற்கு?

பில்லர் ஒன் நகரவில்லை. பொறுமை இழந்தவர்கள் தனியாக டிஜிட்டல் வரி போட்டார்கள். பிரான்ஸ் 2019ல் 3%, பிரிட்டன் 2020ல் 2%. இந்தியா 2016ல் விளம்பரத்துக்கு 6%, 2020ல் இணைய விற்பனைக்கு 2%. அமெரிக்கா சுங்க வரியைக் காட்டி மிரட்டியதும் சிலர் பின்வாங்கினார்கள். இந்தியா 2% வரியை 2024 ஆகஸ்டிலும் 6% வரியை 2025 ஏப்ரலிலும் எடுத்தது. கனடா 2025 ஜூன் கடைசியில் கைவிட்டது. அதே ஜூன் கடைசியில் ஜி7 நாடுகள், அமெரிக்கத் தாய் நிறுவனம் கொண்ட குழுமங்களை பில்லர் டூவின் முக்கிய விதிகளிலிருந்து விலக்கி வைக்கலாம் என்ற புரிதலுக்கு வந்தன.

இந்த எல்லா டிஜிட்டல் வரியும் மொத்த விற்பனை மேல். மென்பொருள் நிறுவனத்தின் 40, 36, 4 கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள். அதே நோய்.

இழுபறி | 7 டிசம்பர் 2025

குழுமம் குழுமம் என்று போதும். மடிக்கணினியோடு வேறு நாட்டு முதலாளிக்கு வேலை செய்பவனுக்கு என்ன? 183 நாள் தாண்டாவிட்டால் எங்கேயும் வரி இல்லை என்று ஊரே சொல்கிறது.

எல்லைக்கோடு | 8 டிசம்பர் 2025

ஊர் சொல்வது இரண்டு வேறு விதிகளைக் குழப்பியதால் வந்தது.

உள்நாட்டுச் சட்டத்தில் நீங்கள் குடியிருப்பவரா என்று பார்க்க 183 நாள் ஓர் அளவுகோல். அது மட்டுமே அளவுகோல் இல்லை, பல நாடுகளில் வீடு, குடும்பம், முந்தைய ஆண்டுகளின் தங்கல் எல்லாம் சேரும். ஒப்பந்தத்தின் 15ஆம் பிரிவில் வரும் 183 நாள் வேறு. ஒரு நாட்டில் குடியிருந்துகொண்டு இன்னொரு நாட்டுக்குப் போய் வேலை செய்பவருக்கு, போன நாடு வரி போடாமல் இருக்க மூன்று நிபந்தனை: பன்னிரண்டு மாதத்தில் 183 நாளுக்கு மேல் அங்கே இருக்கக்கூடாது, சம்பளம் தருபவர் அந்த நாட்டில் குடியிருப்பவராக இருக்கக்கூடாது, அங்குள்ள கிளை அந்தச் சம்பளத்தைச் செலவில் ஏற்றக்கூடாது. மூன்றும் சேர வேண்டும், ஒன்று உடைந்தாலும் முதல் நாள் சம்பளத்திலிருந்தே வரி. எண்ணுவது வேலை நாளை இல்லை, உடல் அங்கே இருந்த நாளை. வந்த நாள், போன நாள், ஞாயிறு, அங்கே எடுத்த விடுப்பு எல்லாம் சேரும்.

இரண்டு நாடும் நீ என்னுடையவன் என்றால் வரிசையாகப் பார்ப்பார்கள்: நிரந்தர வீடு எங்கே, வாழ்க்கையின் மையம் எங்கே, வழக்கமாக இருப்பது எங்கே, குடியுரிமை எது. அதிலும் தீராவிட்டால் இரு அரசும் பேசி முடிக்கும். அமெரிக்கா தனி ரகம், குடியுரிமை இருந்தால் எங்கே இருந்தாலும் கணக்கு கொடு என்கிறது.

மடிக்கணினிக்காரர் விஷயம்: வீடு அ நாட்டில், முதலாளி இ நாட்டில், வேலை முழுக்க அ நாட்டு வீட்டில் உட்கார்ந்தபடி. வேலை எங்கே நடக்கிறதோ அதுதான் கணக்கு, பணம் எங்கிருந்து வருகிறது என்பது இல்லை. ஆகவே ஒப்பந்தப்படி அ நாடு மட்டுமே வரி போடலாம். ஆனால் இ நாட்டு முதலாளியின் சம்பள மென்பொருள் வழக்கப்படி பிடித்துவிடும். அந்தப் பிடித்தத்தை அ நாட்டில் வரவு கேட்டால் கிடைக்காது, ஏனென்றால் இ நாட்டுக்குப் பிடிக்கவே உரிமை இல்லை. பணத்தை இ நாட்டிடம்தான் திரும்பக் கேட்க வேண்டும். அதற்கும் கெடு உண்டு. சம்பளம் தொடங்கும் முன்பே அ நாட்டின் வரிக் குடியிருப்புச் சான்றிதழை முதலாளியிடம் கொடுத்துவிடுவது இந்த முழு அலைச்சலையும் தவிர்க்கும்.

முதலாளிக்கு வரும் பயம் வேறு: ஊழியரின் வீடு கம்பெனியின் நிலையான இடமாகிவிடுமா? 2025 நவம்பரில் ஓஇசிடி தன் மாதிரி ஒப்பந்த விளக்கத்தைத் திருத்தியது. பன்னிரண்டு மாத வேலை நேரத்தில் பாதிக்குக் கீழே வீட்டில் என்றால் பொதுவாக ஆகாது. பாதியைத் தாண்டினால், அவர் அங்கே இருப்பதில் கம்பெனிக்கு வியாபாரக் காரணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளூர் வாடிக்கையாளரைப் பார்க்கத்தான் அங்கே இருக்கிறார் என்றால் ஆபத்து. ஆள் போய்விடக்கூடாதே என்று அனுமதித்தது மட்டும்தான் என்றால் பொதுவாக இல்லை. ஆனால் அவர் கம்பெனிக்காக ஒப்பந்தங்களைப் பேசி முடிப்பவர் என்றால் இந்தப் பாதிக் கணக்கு காப்பாற்றாது, அதற்கு வேறு உட்பிரிவு இருக்கிறது.

சமூகப் பாதுகாப்புச் சந்தா இந்த ஒப்பந்தங்களில் வராது. அது தனி ஒப்பந்தம், தனிச் சான்றிதழ்.

மூலவரி | 8 டிசம்பர் 2025

வரவு என்றதும் இன்னொன்று. வெளிநாட்டில் கட்டியது முழுக்கத் திரும்பி வரும் என்று நினைத்துப் பலர் கணக்கு போடுகிறார்கள். வரவுக்கு உச்சவரம்பு இருக்கிறது.

உலக வருமானம் 100. அதில் வெளிநாட்டில் 40, அங்கே கட்டியது 12. உள்நாட்டில் 100க்கு வரி 20, அதாவது சராசரி 20%. வரவு 40ல் 20%, 8 மட்டும். மீதி 4 நிற்கும். அமெரிக்காவில் ஓராண்டு பின்னோக்கியும் பத்தாண்டு முன்னோக்கியும் கொண்டு போகலாம். சில நாடுகளில் அந்த ஆண்டோடு போச்சு.

இதைவிட மோசம் செலவு உள்ளவர்களுக்கு. அந்த 40 ராயல்டி, அதைச் சம்பாதிக்க ஆன செலவு 25 என்றால், வெளிநாட்டு வருமானம் 15 என்றுதான் எடுப்பார்கள். 15க்கு 20%, வரவு 3.

ஒப்பந்தம் 10% என்று சொல்லி, வெளிநாடு 15% பிடித்துவிட்டால் 10% அளவுக்குத்தான் வரவு. அந்த 5% புள்ளியைப் பிடித்த நாட்டிடம் கேட்க வேண்டும். ஒரு நாட்டுக்கு நிதியாண்டு ஜனவரியில், இன்னொன்றுக்கு ஏப்ரலில் தொடங்கினால், உள்நாட்டில் கணக்கு கொடுக்கும் கெடுவுக்குள் வெளிநாட்டு வரி இறுதியாகாது. திருத்தக் கணக்கு கொடுக்க இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவைப்பது நல்லது.

இழுபறி | 9 டிசம்பர் 2025

வரி யார் தலையில் விழுகிறது என்று 1ஆம் தேதி கேட்ட கேள்வி இன்னும் பாக்கி.

மூலவரி | 9 டிசம்பர் 2025

இரண்டாம் பாதி இதோ. மூலதனம் ஒரே இரவில் எல்லை தாண்டும், நிலம் தாண்டாது, ஆள் தாண்டக் கஷ்டப்படுவார். சிறிய திறந்த நாட்டில் மூலதனத்துக்கு வரி கூட்டினால் அது வெளியேறும், உள்ளே இருக்கும் தொழிலாளிக்கு இயந்திரம் குறையும், கூலி குறையும். பாடப் புத்தகம் இதுவரை சொல்லும். ஆனால் போட்டியாளர் இல்லாததால் வரும் கொழுத்த லாபத்துக்கு இந்தத் தர்க்கம் முழுசாகப் பொருந்தாது. சந்தையை விட்டு ஓடினால் லாபமும் போய்விடும் என்ற நிலையில், அங்கே வரி பங்குதாரர் மேல் விழும். எனவே தொழிலாளி தலையில்தான் என்பதும் அவசரத் தீர்ப்பு.

நார்டிக் நாடுகள் 1990களின் தொடக்கத்தில் இதை வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டன. ஸ்வீடன் 1991, நார்வே 1992, பின்லாந்து 1993. உழைப்பு வருமானத்துக்கு ஏறுவிகிதம், மூலதன வருமானத்துக்குத் தட்டையான ஒரே விகிதம். ஸ்வீடனில் 30%. நியாயம் பார்த்து அல்ல, எது ஓடும் எது ஓடாது என்று பார்த்து. அடுத்த நாளே பிரச்சினை: சொந்தக் கம்பெனி நடத்துபவர் தன் சம்பளத்தை லாபப் பங்காக எடுத்துக்கொள்ளத் தொடங்கினார். அதைத் தடுக்கப் போட்ட விதிகளின் நீளம் வரிச் சட்டத்தின் நீளத்தையே தாண்டியது.

ஓடக்கூடிய ஆட்களுக்கும் தனி விலைப்பட்டியல் வந்தது. டென்மார்க் வெளியிலிருந்து வரும் நிபுணருக்கு 27%, ஏழு ஆண்டு வரை. இத்தாலி 2017ல் வெளிநாட்டு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் யூரோ என்றது. 2024ல் புதிதாக வருபவருக்கு அது இரண்டு லட்சம் ஆனது. எதிர்த்திசைக் காற்றும் உண்டு. போர்ச்சுகல் 2009ல் திறந்த சலுகையைப் புதியவர்களுக்கு 2024ல் மூடியது. பிரிட்டன் 2025 ஏப்ரல் 6 முதல் நிரந்தர வேர் வெளிநாட்டில் என்பவர்களின் வெளிநாட்டு வருமானத்துக்குத் தந்த பழைய குடியுறைவுச் சலுகையை எடுத்துவிட்டது. வீட்டு விலை ஏறி உள்ளூர் வாக்காளர் முகம் சுளித்தால் வரிச் சட்டம் மாறும்.

கணக்குப்பிள்ளை | 10 டிசம்பர் 2025

பேசாமல் உலக லாபத்தைக் கூட்டி ஒரு சூத்திரத்தால் பிரித்துவிடலாமே. ஐந்து முறையும் வேண்டாம், ஐந்து கேள்வியும் வேண்டாம்.

எல்லைக்கோடு | 10 டிசம்பர் 2025

அமெரிக்க மாநிலங்கள் தங்களுக்குள் அப்படித்தான் பிரிக்கின்றன, கனடா மாகாணங்களும். பழைய அமெரிக்கச் சூத்திரம் சொத்து, சம்பளம், விற்பனை மூன்றுக்கும் சம எடை. பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையும் சம்பளத்தையும் கைவிட்டு விற்பனையை மட்டும் வைத்துக்கொண்டன. சம்பளத்துக்கு எடை கொடுத்தால், ஆள் எடுப்பவனுக்கு வரி கூடும் என்று ஆகிறதே. ஆக, விகிதத்தில் போட்டி நின்றால் சூத்திரத்தில் போட்டி. ஐரோப்பிய ஆணையம் 2011ல் கொண்டுவந்த பொதுச் சூத்திரத் திட்டம் நிறைவேறவே இல்லை. எல்லா உறுப்பு நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே விதி.

எனக்குச் சூத்திரத்தின் மேல் வெறுப்பில்லை. வாடிக்கையாளர் இடம் மாற மாட்டார், அதனால் விற்பனையை வைத்துப் பிரிப்பது உறுதியானது. ஆனால் சரக்கைச் சம்பந்தமில்லாத விநியோகஸ்தருக்கு எல்லையில் விற்றுவிட்டால் விற்பனை எந்த நாட்டுக்கு என்ற சண்டை தொடங்கும்.

இழுபறி | 12 டிசம்பர் 2025

கடைசியாக ஒன்று, என் கையில் இருக்கும் காகிதம் பற்றி. வெளிநாட்டு வங்கிக் கூட்டுக் கணக்கைப் பற்றி வரித்துறை கேட்டு எழுதியிருக்கிறது. பாதிதான் என்னுடையது, அவர்கள் முழு இருப்பையும் என் பெயரில் போட்டிருக்கிறார்கள்.

எல்லைக்கோடு | 12 டிசம்பர் 2025

அது பிழை இல்லை, முறையே அப்படி. நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களை ஒன்றுக்கொன்று தாமாகவே அனுப்பும், 2017ல் தொடங்கிய தானியங்கித் தகவல் பரிமாற்றத்தில், கூட்டுக் கணக்கின் முழு இருப்பும் ஒவ்வொருவர் பெயரிலும் போகும். உங்கள் கூட்டாளியின் நாட்டுக்கும் இதே முழு எண் போயிருக்கும். அந்த எண் இருப்பு, வருமானம் இல்லை. அதுவும் பெரும்பாலும் டிசம்பர் 31 நிலவரம்.

பதிலில் மூன்றைச் சேருங்கள்: கணக்கில் யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்கான வங்கி அறிக்கை, அந்த ஆண்டு வந்த வட்டியில் உங்கள் பங்கு, அந்தப் பங்கு உங்கள் வரிக் கணக்கில் எந்த இடத்தில் காட்டப்பட்டிருக்கிறது என்ற பக்கம். காட்டவில்லை என்றால், பதில் போடும் முன் திருத்தக் கணக்குக்கான கெடு இருக்கிறதா என்று பாருங்கள். வரிசை முக்கியம். வங்கியில் நீங்கள் கையெழுத்திட்ட வரிக் குடியிருப்பு உறுதிப் படிவத்தின் நகலையும் வாங்குங்கள். அதில் பழைய முகவரி இருந்தால் தகவல் இன்னொரு நாட்டுக்கும் போய்க்கொண்டிருக்கும்.